இல்லாத புலவரின் அருங்காட்சியகம்

இப்பகுதியில் வழக்கமாக நூல்களையே திறனாய்ந்து வருகிறோம். இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கணினி விளையாட்டு. சிறுவர் பொழுதுபோக்குக்கு இலக்கிய இதழில் என்ன இடம் என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்களைக் குறை கூற மாட்டோம். அண்மைக்காலம் வரை நமது எண்ணமும் அதுவாகவே இருந்தது. துப்பாக்கிச் சத்தமும் கார் ஓட்டமும்தான் கணினி விளையாட்டு என்று நினைத்திருந்தோம்.

அந்த எண்ணத்தை மாற்றியது குன்னூரின் ஐப்பசி மழை. கூடலூரும் பந்தலூரும் தென்மேற்குப் பருவத்தில் நனைவது போல, நம் குன்னூர்ப் பக்கம் நனைவது வடகிழக்குப் பருவத்தில்தான். கோவையில் பொறியியல் படிக்கும் நம் தங்கை மகன் தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்தான். பர்லியார் அருகே மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டது. இரண்டு நாள் அவனால் கீழே இறங்க இயலவில்லை. அப்போதுதான் மடிக்கணினியைத் திறந்து நம் முன் வைத்து, "மாமா, இது விளையாட்டா, கதையா? நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றான்.

விளையாட்டின் பெயர் 'எ மியூசியம் ஆஃப் டூபியஸ் ஸ்பிளெண்டர்ஸ்'. 'ஐயத்துக்குரிய அற்புதங்களின் அருங்காட்சியகம்' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். 2018ஆம் ஆண்டு கட்டணமின்றி வெளியிடப்பட்டது. ஆக்கியோர், குஜராத்தின் தென்பகுதியில் வாப்பி நகரை ஒட்டிய சாலா என்னும் ஊரிலிருந்து இயங்கிய 'ஸ்டூடியோ ஓலியோமிங்கஸ்' குழுவினர். ஸ்டூடியோ என்றதும் பெரிய கட்டடத்தையும் நூறு பணியாளர்களையும் எண்ண வேண்டாம். துருவ் ஜானி, சுஷாந்த் சக்ரவர்த்தி என்ற இருவரின் முயற்சியாகவே அது அறியப்பட்டது. நம் நாட்டில் கோடிக்கணக்கானோரைச் சேரும் கணினி விளையாட்டுகள் வேறு. இதன் பெயரைக் கேள்விப்பட்டோர் மிகச் சிலர்.

இத்தகைய ஆக்கங்களின் குலமுறையைச் சற்றே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் வில் கிரௌதர் என்னும் கணினி வல்லுநர், தாம் நுழைந்து திரிந்த கென்டக்கி மாநிலத்துக் குகைகளை நினைவில் வைத்து, 1976ஆம் ஆண்டளவில் எழுத்துக்களால் மட்டுமே ஆன ஒரு விளையாட்டைச் செய்தார். படம் எதுவும் கிடையாது. 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டச்சு செய்தால், என்ன நேர்ந்தது என்று கணினி எழுதிக் காட்டும். புதிர்ச் சாகச விளையாட்டுகளுக்கு அதுவே மூத்தது.

அந்த வழியில் வந்தவற்றுள் உலகப் புகழ் பெற்றது 1993இல் வெளியான 'மிஸ்ட்'. ரேண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற உடன்பிறந்தார் இருவரும் அதைச் செய்தனர். அவர்களுடைய தந்தை ஒரு கிறிஸ்தவப் போதகர். அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்ற அவ்விளையாட்டில் நாம் ஆளில்லாத தீவொன்றில் நிற்கிறோம். பூட்டிய கதவுகள், விளங்காத பொறிகள், ஒரு நூலகம். அந்நூலகத்தில் சிவப்பு நூல் ஒன்றும் நீல நூல் ஒன்றும் உண்டு. ஒவ்வொன்றினுள்ளும் ஒருவன் சிறைப்பட்டிருக்கிறான். இருவரும் அண்ணன் தம்பியர். "என்னை விடுவி, அவனை நம்பாதே" என்பது இருவரின் மன்றாட்டும். புதிர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து இறுதிக்கு வரும்போது, இருவருமே பொய்யர் என்று தெரிகிறது. பொறிகளை இயக்கியதெல்லாம் முன்னுரை. யாரை நம்புவது என்பதே அங்குக் கேள்வி.

குஜராத் விளையாட்டு பூட்டுகளையும் பொறிகளையும் அகற்றிவிட்டு, அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டது.

திரையில் முதலில் ஒரு பக்கம் கதை வருகிறது. படித்து முடித்ததும் ஓர் அறை. அந்த அறையில் அன்றாட வீட்டுப் பொருள்கள் ஆளுயரத்தையும் தாண்டி வளர்ந்து நிற்கின்றன. சுவர்களில் எவரும் தம் வீட்டுக்கு அடிக்கத் துணியாத வண்ணங்கள். கோலமும் பூவேலையும் கண்ணைப் பறிக்கின்றன. நாம் அவற்றிடையே நடக்கலாம், அண்ணாந்து பார்க்கலாம். எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை, வெற்றியும் தோல்வியும் இல்லை. மீண்டும் ஒரு பக்கம் கதை. மீண்டும் ஓர் அறை. படித்த கதைக்கும் எதிரே நிற்கும் பொருளுக்கும் உள்ள உறவைச் சில இடங்களில் எளிதில் பிடித்துவிடலாம். வேறு சில இடங்களில், கனவிலிருந்து விழித்தவர் கனவைக் கூட்டிச் சேர்ப்பது போல நாமே சேர்க்க வேண்டும். சர்ரியலிசம் என்று ஓவியர்கள் சொல்லும் நெறி இது. பொருள்கள் பழக்கமானவை; அவற்றின் அளவும் இடமும் மட்டும் மாறுகின்றன. அந்த மாற்றம் ஒன்றே போதும், நேற்றுவரை சமையலறையில் கிடந்த ஒன்று தெய்வச்சிலை போலவோ பூதம் போலவோ நம் முன் எழுந்து நிற்க.

இக்கதைகள் மீர் உமர்ஹசன் என்ற குஜராத்திப் புலவர் எழுதியவை என்றும், நாம் படிப்பது மொழிபெயர்ப்பு என்றும் விளையாட்டு கூறுகிறது. முதல் நாள் முழுவதும் அதை நம்பினோம். அப்புலவரின் பிற படைப்புகள் தமிழில் வந்துள்ளனவா என்று தேடவும் எண்ணினோம். மறுநாள் காலைக் காப்பியின்போது மருமகன் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னான். அப்படி ஒரு புலவர் இருந்ததே இல்லை. ஆக்கியோரின் கற்பனை அவர்.

நமக்கு வந்தது முதலில் சினமே. ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு. புனைகதை எழுதுவது ஒன்று, புனைந்தவர் பெயரையும் புனைவது வேறு என்று மருமகனிடம் வாதிட்டோம். பிறகு ஆற அமர எண்ணியபோது வாதம் வலுவிழந்தது. செர்வாண்டிஸ் தம் 'டான் கிஹோத்தே'யின் முதற்பாகத்தை 1605இல் வெளியிட்டபோது, அது தமது கதையன்று, சிதே அமேதே பெனெஞ்செலி என்ற அரபு வரலாற்றாசிரியர் எழுதியது, தொலேதோ நகரக் கடைவீதியில் அந்த ஏடுகள் கிடைத்தன, ஆள் வைத்து மொழிபெயர்த்தேன் என்று கதைக்குள்ளேயே சொல்லிவிட்டார். நானூறு ஆண்டுகளாக எவரும் அவரைப் பொய்யர் என்று தள்ளவில்லை. பரமார்த்த குருவின் மடம் எந்த ஊரில் இருந்தது என்று வீரமாமுனிவரை யாரும் கேட்டதில்லை. எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் பெயரை நாமும்தான் கேட்டதில்லை.

ஆனால் இங்கே ஓர் இசுலாமியப் புலவரின் பெயரைத் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. உருதுக் கவிதையின் முன்னோடிகளுள் ஒருவரான வலி, குஜராத்தைத் தம் கவிதைகளில் போற்றியவர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் மறைந்தவர். அந்நகரில் இருந்த அவருடைய கல்லறை 2002ஆம் ஆண்டு வன்முறையில் இடிக்கப்பட்டது. அவ்விடத்தின் மேல் சாலை போடப்பட்டது. உண்மையில் வாழ்ந்த ஒரு புலவர், இருந்த இடம் தெரியாமல் தார்ச்சாலைக்கடியில் போன மண்ணில், வாழாத ஒரு புலவருக்கு இரண்டு இளைஞர்கள் அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். ஆக்கியோர் இதை மனத்தில் கொண்டிருந்தார்களோ இல்லையோ, நமக்கு அந்த ஒப்புமை தோன்றிய பிறகு சினம் எஞ்சவில்லை.

அதே குழுவினரின் பெருந்திட்டம் ஒன்றுண்டு. 'சம்வேர்' என்பது அதன் பெயர். காலனி ஆட்சிக்கால இந்தியாவில் காயம்கட் என்னும் கட்டுக்கதை நகரைத் தேடி அலைவோரைப் பற்றியது. இதன் துண்டுகளாகவே சிறு ஆக்கங்கள் பலவற்றை அவர்கள் பல ஆண்டுகளாக வெளியிட்டு வந்துள்ளனர். இதைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வந்தது. இல்லாத ஒன்றைத் தேடி ஏறிச்செல்லும் கதை நீலகிரிக்குப் புதிதன்று. ஐரோப்பியர் எழுத்தில் நம் மலை முதன்முதலாக இடம்பெற்றதே அப்படித்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் 'தோடமலை' என்னும் இடத்தில், தொடர்பறுந்துபோன கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்ற செய்தி 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலையாளக் கரையில் உலவியது. 1599ஆம் ஆண்டு உதயம்பேரூர் ஆயர் மன்றத்திலும் அச்செய்தி பேசப்பட்டது. புனித தோமையார் கிறிஸ்தவர்களின் ஆயராயிருந்த பிரான்சிஸ்கோ ரோஸ் முதலில் சிலரை அனுப்பினார். பின்னர் 1603இல் கோழிக்கோட்டிலிருந்து இத்தாலியரான இயேசு சபைக் குரு ஜாக்கோமோ பினிசியோ மலையேறினார். ஏறியவர் கண்டது படகர்களையும் தோதவர்களையும், அவர்தம் எருமைகளையும். அவர் தேடிச் சென்ற கிறிஸ்தவர்கள் அங்கு இல்லை. பெண்களுக்கு முகக்கண்ணாடிகளும் நூற்கண்டுகளும் பரிசாகக் கொடுத்தார். தோதவர்களின் எருமைப் பால்மனைக் குருவோடு உரையாடினார். இறங்கி வந்து, கண்டதை ஒரு மடலாக எழுதினார். அம்மடலின் ஆங்கில மொழிபெயர்ப்பை ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட 'தி தோடாஸ்' நூலின் பிற்சேர்க்கையில் காணலாம்.

நாம் அம்மடலைப் படிக்கும்போதெல்லாம் மதிப்பது ஒன்றை. தேடியது கிடைக்கவில்லை என்பதற்காக, இருந்ததை அவர் தேடியதாக மாற்றி எழுதிவிடவில்லை. இவர்களே மறந்துபோன கிறிஸ்தவர்கள் என்று ஒரு சீட்டெழுதி ஒட்டியிருந்தால், அக்காலத்தில் மலையேறிச் சரிபார்க்க யார் இருந்தார்கள்? அதன்பின் இரண்டு நூற்றாண்டுகள் ஐரோப்பியர் எவரும் இங்கு வந்து தங்கவில்லை.

வந்து தங்கியவர்கள் அந்த அடக்கத்தைக் காட்டவில்லை. 1819இல் கோவை ஆட்சியர் ஜான் சலிவன் ஏறிவந்த பிறகு ஒவ்வொருவரும் தோதவர்களுக்கு ஒரு பூர்வீகம் கற்பித்தனர். உரோமர் என்றார் ஒருவர்; இசுரயேலின் காணாமற்போன குலம் என்றார் மற்றொருவர். காங்கிரீவ் என்ற படை அதிகாரி, 1847இல், மலையிலுள்ள கற்குவியல் கல்லறைகளையும் தோதவர்களையும் மத்திய ஆசியச் சித்தியர்களோடு முடிச்சுப் போட்டார். நீலகிரியின் முதல் ஆணையரான பிரீக்ஸ் அக்கல்லறைகளைத் தோண்டி, கிடைத்தவற்றை வரிசைப்படுத்தினார். அவர் இறந்த பின், 1873இல், அவரது நூல் வெளிவந்தது. மூடியின் மேல் எருமையும் மனிதரும் நிற்கும் மட்கலங்கள் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உலோகக் கிண்ணங்களும் அணிகளும் இலண்டன் வரை சென்றன. அவற்றைச் செய்தவர் யார் என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பெயர்ச்சீட்டில் ஐயக்குறி போடும் வழக்கம் பல அருங்காட்சியகங்களில் இல்லை. மீர் உமர்ஹசனின் அருங்காட்சியகம் தன் பெயரிலேயே அந்த ஐயத்தை எழுதி வைத்திருக்கிறது. இந்த ஒரு நேர்மைக்காகவே, மலைவாசிகளான நாம் அவ்விளையாட்டை மதிக்கிறோம்.

பினிசியோவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. வழிவிலகல் போலத் தோன்றினாலும் இங்கே சொல்லத்தக்கது. மலையாளக் கரையின் இந்துசமய நம்பிக்கைகளைப் பற்றி அவர் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு பெருநூல் எழுதினார். அச்சேறாத அந்த ஏட்டுச் செய்திகளை, யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய ஒல்லாந்தப் போதகர் பால்தேயுஸ் எடுத்து, 1672இல் தம் பெயரில் வெளியான நூலில் சேர்த்துக்கொண்டார். பினிசியோவின் மூலம் அவர் பெயரோடு அச்சில் வந்தது 1933இல், சுவீடன் அறிஞர் சார்பென்டியரின் பதிப்பில். இல்லாத புலவருக்கு ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. இருந்த எழுத்தாளருக்கோ 261 ஆண்டுகள் பெயர் கிடைக்கவில்லை.

இனி குறைகளுக்கு வருவோம். முதற்குறை மொழி. நாம் பார்த்த வடிவில் கதை முழுவதும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதுவும் எளிய ஆங்கிலம் அன்று. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய அடுக்குத்தொடர் ஆங்கிலம். ஒரு வாக்கியம் தன் வினைச்சொல்லை அடைவதற்குள் வாசகர் மூச்சு வாங்குகிறார். வெள்ளையரின் பதிவேடுகளைப் பகடி செய்ய வந்தவர்கள், அப்பதிவேடுகளின் மொழிக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். குஜராத்தி மூலம் என்று சொன்னவர்கள் ஒரு கதையையேனும் குஜராத்தியில் எழுதி நம் முன் வைத்திருந்தால், பொய்யான மூலம் மெய்யாகியிருக்கும்.

நம் வீட்டில் தங்கைக்கும், மழைக்கு ஒதுங்கி வந்திருந்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் நாம் உரக்கப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தோம். விளங்காத இடத்தில் சொந்தமாகவும் இரண்டு வரி சேர்த்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூலமே இல்லாத நூலுக்கு அதனால் பெரிய இழப்பு நேர்ந்திராது.

இரண்டாவது குறையைக் கண்டவர் நாமல்லர், அந்தப் பாட்டி. அவரை வாசகருக்கு அறிமுகப்படுத்த வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்றல்லவா? அந்த எண்ணிக்கைக்குள் ஒருவராக, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து 1970களில் தலைமன்னார் வந்து கப்பலேறியவர். மண்டபம் முகாமில் குடும்ப அட்டை பெற்று, நீலகிரி வந்து, கொழுந்து பறித்தே பிள்ளைகளை வளர்த்தவர். ஞாயிறு திருப்பலியில் முன்வரிசையில் இருப்பார்.

நான்கைந்து அறைகள் கடந்த பின், அவர் மருமகனைப் பார்த்துக் கேட்டார்: "ஏந்தம்பி, இவ்வளவு சாமான் கெடக்கே, ஆளு ஒருத்தரையும் காணோம்? வீட்டுக்காரங்கல்லாம் எங்க போனாங்க?"

"இது மியூசியம் பாட்டி. சாமான் மட்டுந்தான் இருக்கும்" என்றான் அவன்.

"சாமான வச்சுட்டு ஆள எங்க வெரட்டுனாங்க?" என்றார் பாட்டி.

நாம் அதுவரை செர்வாண்டிஸ் என்றும் சர்ரியலிசம் என்றும் எண்ணிக்கொண்டிருந்தோம். அந்தக் கேள்வி நம் மனத்தில் எழவேயில்லை. மருமகன் ஆக்கியோருக்காக வாதாடினான். அருங்காட்சியகம் என்பதே ஆளை விட்டுப் பொருளை எடுப்பது. அறைகள் வெறிச்சோடியிருப்பது குறையன்று, அதுவே சொல்லவந்த செய்தி என்றான். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையக் காட்சியகத்தில் நிற்கும்போது நமக்கும் அந்த வெறுமை தோன்றியதுண்டு. குடிசை இருக்கும், கூடை இருக்கும், நெய்த போர்வை இருக்கும். அதே போர்வையைத் தோளிலிட்ட தோதவ மூதாட்டி ஒருவர், வெளியே நம்மோடு பேருந்துக்குக் காத்து நிற்பார்.

எனினும் அந்த வாதம் பாதி தூரமே செல்லும் என்பது நம் கருத்து. ஆள் இல்லாமையைச் சுட்டிக்காட்டுவது ஒன்று. ஆளைப் பேசவிடுவது வேறு. பாட்டியின் தகரப் பெட்டியில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்தது. ஹட்டன் கடையில் தாமே வாங்கியது என்று ஒருமுறை நம்மிடம் சொல்லியிருந்தார். மாமியார் கொடுத்தது என்று இன்னொருமுறை. அன்று மாலை பேச்சு அப்பக்கம் திரும்பியபோது, "பாட்டி, ரெண்டுல எது நெசம்?" என்று மருமகன் மடக்கினான். பாட்டி சற்றும் தயங்கவில்லை. "மாமியா குடுத்த காசுல நாந்தானடா கடைக்குப் போய் வாங்குனேன்" என்றார். அந்தச் செம்பை யாரேனும் எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நாம் முதலில் கேட்டதை மட்டும் சீட்டில் எழுதியிருந்தால் பாதிக்கதைதான் அங்கே நின்றிருக்கும். திருத்துவதற்குப் பாட்டி பக்கத்தில் இருந்தார்.

மீர் உமர்ஹசனால் தம்மை உருவாக்கியவர்களைத் திருத்த முடியாது. அவருக்கென ஆக்கியோர் எழுதாத ஒரு சொல்லையும் அவர் சொல்ல மாட்டார். ஒடுக்கப்பட்ட குரலுக்கு இடமளிப்பதாகத் தோன்றும் ஆக்கத்தில், அந்தக் குரலும் இவர்களுடையதே. நல்லெண்ணத்தோடு செய்யப்படும்போதும் இது ஒருவகைப் பெயர்ச்சீட்டுதான். வலியின் கல்லறையை நாம் நினைத்துக்கொண்டது போல, விளையாடுவோர் எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள் என்று சொல்லவும் இயலாது. கற்பனைப் புலவரிலேயே மனநிறைவு கொண்டு, மெய்யான புலவரைத் தேடாமலே போய்விடுபவர்தாம் மிகுதியாயிருப்பர்.

இதற்கு மாற்றான ஒன்று நம் மலையிலேயே நடந்திருக்கிறது. 1935க்கும் 1938க்கும் இடையே எமனோ என்ற கனடா நாட்டு மொழியியலாளர் இங்குத் தங்கித் தோதவர் மொழியைக் கற்றார். அவர்கள் பாடப் பாட எழுதியெடுத்த பாடல்களை 1971இல் 'தோடா சாங்ஸ்' என்ற பெருந்தொகுதியாக வெளியிட்டார். தோதவர் பாட்டின் இயல்பு வியக்கத்தக்கது. ஆணும் பெண்ணும் எவரும் பாட்டுக் கட்டலாம். எதையும் அதன் பெயரால் நேரே சொல்வதில்லை. மரபாக வந்த சொற்றொடர்களை இணை இணையாக அடுக்கிச் செல்கிறார்கள். எந்த எருமை, எந்த மந்து, எந்த மனிதர் என்பதைக் கேட்போரே அவிழ்த்துக்கொள்ள வேண்டும். புதிரென்றால் அதுவும் புதிரே. ஆனால் விடை தெரிந்த பாடகர் எதிரே அமர்ந்திருக்கிறார். தவறாக அவிழ்த்தால் தலையசைத்து மறுக்கிறார். எமனோவின் பெருமை, அவர் பாட்டுக் கட்டியதில் இல்லை. கட்டியவர்களைப் பாடவிட்டு எழுதியதில் இருக்கிறது. ஓலியோமிங்கஸ் குழுவினரின் கற்பனை வளத்தில் கால்பங்கும் அவரிடம் இல்லை. அவருடைய நூலைக் கதை போலப் படிக்க எவராலும் முடியாது. இருந்தும் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நாம் அந்தத் தடித்த நூலையே வைத்துக்கொள்வோம்.

நல்லவேளையாக அப்படி ஒரு நெருக்கடி நமக்கு இல்லை. இந்த அருங்காட்சியகத்தை முழுவதும் சுற்றி வர ஒரு மாலைப்பொழுதே போதும். ஒருமுறை பார்க்க வேண்டியது என்றே பரிந்துரைக்கிறோம், சிறப்பாக ஆசிரியர்களுக்கும், மேல்வகுப்பு மாணவர்களுக்கும். தனியே பார்ப்பதைவிட நான்கு பேர் கூடி, ஒருவர் படித்துச் சொல்ல, மற்றவர் கேள்வி கேட்கப் பார்ப்பது நன்று. வன்முறையோ அருவருப்போ இல்லை. சிறு பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும். வண்ணங்களின் மிகுதியால் கண் வலிக்கிறது என்று தங்கை குறைபட்டாள். அதையும் பதிவு செய்கிறோம்.

ஆக்கியோரின் வேறொரு படைப்பு 2020இல் வந்தது. அதில் நகராட்சி ஊழியன் ஒருவன் ஒரு கட்டடத்தைச் சிறிது சிறிதாகத் தின்று தீர்க்கிறானாம். இடிப்பது பழைய முறை போலும். அதை அவன் தன் கணினியில் இறக்கி வைத்திருக்கிறான். காட்டுவதற்குள் மலைப்பாதை திறந்துவிட்டது. முதற் பேருந்திலேயே புறப்பட்டுவிட்டான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். பாட்டியும் தம்மைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார், இந்த முறையாவது ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க.